நாற்பத்து மூன்றில் ஐந்து பாஸ்

என் மதிப்புக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் குழாய் ஆலையின் சோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் கையெழுத்துப் போட்ட கை, இல்லாததை இருப்பதாக எழுத மாட்டேன் என்கிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் சுகமாக இல்லை. உங்கள் தங்கை சுகமாக இருக்கிறாள். ரொம்பவே சுகமாக இருக்கிறாள். அதுதான் புகார்.

விஷயம் இதுதான். மருமகளுக்கு எட்டாவது மாதம். பிரசவத்துக்கு ஒத்தாசையாக இன்னும் இருபது நாளில் உங்கள் தங்கை விமானம் ஏறுகிறாள். ஆறு மாதம். தனியாக. இந்தத் ‘தனியாக’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள் மச்சான். அவள் அங்கே தனியாகப் போகிறாள் என்றால் நான் இங்கே தனியாகக் கிடப்பேன் என்று அர்த்தம். அதை இந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் வருகிறேனே என்று மூன்று மாதம் முன்பே மகனிடம் கேட்டேன். அவன் போனில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, “அப்பா, இங்க மாமனார் வீட்ல எல்லாரும் ஸ்பானிஷ்தான் பேசுவாங்க. அம்மாவுக்கு சமையல்கட்டு இருக்கு, குழந்தை இருக்கு, பொழுது போயிடும். நீங்க பேச ஆளில்லாம ஆறு மாசம் சும்மா உக்காந்தா, வீட்ல இருக்கிற குழாயெல்லாம் கழட்டிப் போட்டுடுவீங்க. கொஞ்சம் பேசக் கத்துக்குங்க, அப்புறம் பார்க்கலாம்” என்றான். பெற்ற பிள்ளை அப்பனுக்கு நுழைவுத் தேர்வு வைக்கிற காலம் வந்துவிட்டது. சரி, மேளத்தைக் கழுத்தில் கட்டிவிட்டால் அடித்துத்தானே ஆக வேண்டும் என்று நானும் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு நடப்பது டயர் பஞ்சர் ஒட்டும் கடையின் மாடியில். டீச்சர் முன்பு கப்பல் கம்பெனியில் தொலைபேசி இயக்குநராக இருந்தவர். மூன்று மொழியில் கோபப்படுவார், நான்காவது மொழியில் மன்னிப்பார். மாணவர்கள் மொத்தம் மூன்று பேர். வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்காகப் படிக்கும் நர்ஸம்மா ஒருவர். எங்கள் தெருமுனை சலூன்காரர் ஒருவர். அவருக்குக் கால்பந்துப் பைத்தியம். கோல் விழும்போது வர்ணனையாளர் என்ன சொல்லி ஊளையிடுகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்று சேர்ந்திருக்கிறார். மூன்றாவது நான். மூவர் வயதையும் கூட்டினால் பாதிக்கு மேல் என்னுடையதுதான்.

முதல் வாரம் வணக்கம், நன்றி, எனக்குப் பசிக்கிறது என்று ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாவது வாரம் டீச்சர் ஒரு வினைச்சொல்லைக் கொண்டுவந்து இறக்கினார். யெவார் என்று பெயர். “இது ரொம்ப சாதாரண வார்த்தை. காலையில எழுந்ததுல இருந்து தூங்கற வரைக்கும் அவங்க வாயில இதுதான் வரும். இத ஒழுங்காப் பிடிச்சுக்கிட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி” என்றார். பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே போய் விழுவான் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லுக்கு நாற்பத்து மூன்று பயன்பாடுகள். பையைச் சுமந்தால் யெவார். ஆளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டால் யெவார். சட்டை போட்டிருந்தால் யெவார். கடை நடத்தினால் யெவார். சூப்பில் உப்பு இருந்தால், அந்த சூப் உப்பை யெவார் செய்கிறதாம். இத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன் என்று சொல்லவும் யெவார்தான். இரண்டு பேர் ஒற்றுமையாக இருந்தால் அதுவும் யெவார். கடையில் போய் பார்சல் வேண்டும் என்றால் ‘பாரா யெவார்’ என்று கேட்க வேண்டுமாம். மச்சான், எங்கள் ஆலையில் ஒரே ஆளை இத்தனை வேலை செய்யச் சொல்லியிருந்தால் மறுநாளே சங்கத்துக்காரர்கள் வாசலில் கொடி நட்டிருப்பார்கள்.

இங்கேதான் என் அனுபவம் கைகொடுத்தது. அல்லது காலை வாரியது, நீங்களே முடிவு செய்யுங்கள். ஆலையில் நூறு குழாய் வந்தால் நூறையும் திறந்து பார்க்க மாட்டோம். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுப்போம். ஐந்தும் ஒழுகவில்லை என்றால் நூறும் பாஸ். முப்பத்திரண்டு வருடம் இப்படித்தான் ஊருக்கே தண்ணீர் கொடுத்தேன். சொல் மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தது? நாற்பத்து மூன்று பயன்பாட்டையும் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி, பாரபட்சம் வரக் கூடாதென்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டு ஐந்தை எடுக்கச் சொன்னேன். “நூத்துக்கு அஞ்சுன்னா, நாப்பத்தி மூணுக்கு ரெண்டுதானே வரும்?” என்றாள். கூடுதல் ஜாக்கிரதை என்றேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். பை சுமப்பது, ஆளைக் கொண்டுபோய் விடுவது, கண்ணாடி போட்டிருப்பது, பாதை ஊருக்குப் போவது, குடை எடுத்துச் செல்வது. பையும் குடையும் ஒரே அச்சில் வார்த்த சரக்கு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஐந்தையும் பதினைந்து நாள் உருப்போட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பையைச் சுமப்பேன். பிறகு, ஓய்வு பெற்ற அன்று நினைவாகக் கொடுத்தார்களே அந்த ரப்பர் முத்திரை, அதை எடுத்து டீச்சரின் தாளில் நாலு பக்கத்திலும் ‘பாஸ்’ என்று குத்தி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். பதினேழாவது பயன்பாடு, அதாவது சூப்பும் உப்பும், என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. உப்பு சூப்பில் கரைந்து போகிறது. கரைந்து போனதை எப்படிச் சுமக்க முடியும்? மூன்று பிரதியில் நிராகரிப்புச் சீட்டு எழுதி, சிவப்பு அட்டை கட்டி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாக மூன்றையும் படித்தார். மூன்றிலும் ஒன்றே எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் மூன்றாவதைப் படித்து முடித்தார். “சார், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இத நான் கண்டுபிடிக்கல. இத பேசறவங்க நாப்பது கோடிப் பேருக்கு மேல இருக்காங்க. அவங்க வீட்டுக்கு வீடு ஒரு பிரதி அனுப்பிடுங்க” என்றார். நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்து வாரத் தேர்வு. சலூன்காரருக்கும் நர்ஸம்மாவுக்கும் நாற்பத்து மூன்றைப் படிக்க நேரமில்லை. ஒருவருக்கு விடியவிடிய ஆட்டம், இன்னொருவருக்கு விடியவிடிய டியூட்டி. வகுப்பில் பெரியவன் நான்தானே, யோசனை கேட்டார்கள். நான் ஐந்து சீட்டையும் காட்டி, சோதனை முறையை விளக்கி, முத்திரையையும் காட்டினேன். முத்திரையைக் கண்டால் மனிதனுக்கு மூளை தூங்கிவிடுகிறது மச்சான், இதை நான் ஆலையிலேயே பார்த்திருக்கிறேன். இருவரும் அந்த ஐந்தை மட்டும் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பத்துக் கேள்வி. அதில் ஒன்றுகூட பையைச் சுமக்கவில்லை, குடையைத் தொடவில்லை. எனக்கு முட்டை. சலூன்காரருக்கு முட்டை. நர்ஸம்மாவுக்கு மட்டும் ஒரு மார்க், அதுவும் என் பேச்சைக் கேட்காமல் பஸ்ஸில் வரும்போது ஒரு வரி படித்த புண்ணியம். நல்லவேளையாக டீச்சர் அடுத்த வாரமே மறுதேர்வு வைத்தார், அதில் நர்ஸம்மா தேறிவிட்டார். ஆனால் முதல் தேர்வு முடிந்த அன்று படியிறங்கும்போது என்னிடம், “சார், உங்க மேற்பார்வையில ஒரு வார்டு இருந்தா, நூறு பேஷண்ட்ல அஞ்சு பேருக்கு மாத்திரை கொடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடலாம், இல்ல?” என்று கேட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.

சலூன்காரர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நாலு நாள் கழித்து முடி வெட்டப் போனேன். மறுநாள் மகன், மருமகள், சம்பந்தியம்மா மூவரும் வீடியோவில் வருகிறார்கள். என்னைப் பேச வைத்துப் பார்த்துவிட்டு டிக்கெட் விஷயத்தை முடிவு செய்வதாகப் பேச்சு. கொஞ்சம் பார்க்கும்படி இருக்கலாமே என்று போனேன். துணி போர்த்தினார், தண்ணீர் தெளித்தார், வலது காதுக்கு மேல் ஒரு தீப்பெட்டி அளவுக்கு நறுக்கு நறுக்கென்று வெட்டினார், ரொம்ப அழகாக வெட்டினார், பிறகு துணியை உதறி மடித்தார். மீதி எங்கே என்றேன். “நூத்துக்கு அஞ்சு பார்த்தாச்சு சார். பிசிறு இல்ல, ஏத்த இறக்கம் இல்ல. மீதித் தலையும் இப்படித்தான் இருக்கும்னு வெச்சுக்குங்க, பாஸ்” என்றார். காத்திருந்த நாலு பேரும் எழுந்து வந்து அந்தத் தீப்பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் அந்தத் தலையோடு தெருவில் நடந்து வந்தேன்.

இப்போது உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. ஒரு தாளையும் தொடவில்லை. தினமும் சாயங்காலம் சமையலறையில் போனை எண்ணெய் ஜாடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு சம்பந்தியம்மாவோடு பேசுகிறாள். அந்தம்மாவுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. இவளுக்கு அந்த மொழி எந்தத் திசை என்றே தெரியாது. இவள் கையில் வெங்காயம், அவர் கையிலும் வெங்காயம், இருவர் கண்ணிலும் தண்ணீர். இவள் கரண்டியைக் காட்டுவாள், அவர் ஒரு சொல் சொல்வார். அவர் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டுவார், இவள் “உப்பு கம்மியா?” என்பாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, உப்பை அள்ளிப் போடுவார். இதில் என்ன பெரிய கல்வி என்று நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் தொடங்கி சும்மா டீச்சரின் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, அவள் வாயில் வரும் யெவாரை எல்லாம் குறித்துப் பார்த்தேன். எட்டே நாளில் முப்பத்தொன்று. அதில் பதினேழாவதும் இருந்தது. நான் மூன்று பிரதியில் நிராகரித்த சரக்கை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே புழங்குகிறாள். பொறுக்க முடியாமல், “முத்திரை இல்லாத சரக்கு, நாளைக்கு ஒழுகினா யாரு பொறுப்பு?” என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிட்டேன். சம்பந்தியம்மா போனுக்குள் பயந்து போய் எட்டிப் பார்த்தார். உங்கள் தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். என் வீட்டில், என் கையால் பொருத்திய தாழ்ப்பாள்.

பிறகு அந்த வீடியோ நாள். தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மகன், “வீட்டுக்குள்ள என்னப்பா தொப்பி, எடுங்க” என்றான். எடுத்தேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மகன் சமாளித்துக்கொண்டு, “சரி, பேசுங்கப்பா, அத்தை கேக்கறாங்க” என்றான். ஆரம்பித்தேன். நான் ஒரு பையைச் சுமக்கிறேன் என்றேன். நான் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்றேன். நான் ஒரு குடையையும் எடுத்துச் செல்கிறேன் என்றேன். ஒருவரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன், இந்தப் பாதை ஊருக்குப் போகிறது என்றேன். அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிட்டது. மறுபடி பையிலிருந்து ஆரம்பித்தேன். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. சிரிக்கவே இல்லை. திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் மெதுவாக என்னை ஒன்று கேட்டார். அதில் யெவார் இருந்தது, அது மட்டும் காதில் விழுந்தது. என்ன கேட்டார் என்று தெரியவில்லை. பையா, குடையா என்று முழித்தேன். எனக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னாள். சம்பந்தியம்மா கையைத் தட்டினார், மருமகள் கண்ணைத் துடைத்தாள், மகன், “சரிப்பா, டிக்கெட் பத்தி அப்புறம் பார்க்கலாம்” என்றான். நம் குடும்பத்தில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்து அவள் தூங்கப் போன பிறகு தாளை எடுத்துத் தேடினேன். இருபத்தொன்பதாவது பயன்பாடு. உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் ஆகிறது என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். முப்பத்தாறு என்று இவள் சொல்லியிருக்கிறாள். மச்சான், இந்தக் கேள்விக்கு நான் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் எனக்கு நிச்சயமாகப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்கிறேன். இந்த முப்பத்தாறு வருடத்தில் அவள் உங்கள் வீட்டுக்கு வந்த நாட்களைத் தவிர நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதுமில்லை. ஆறு மாதம் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஆகையால் என் வேண்டுகோள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள், நான் சொன்னால் கதவைச் சாத்துவாள். எப்படியாவது இந்தப் பயணத்தை நிறுத்திவிடுங்கள். அவளுக்கு முழங்கால் வலி என்று சொல்லுங்கள். அங்கே குளிர் என்று சொல்லுங்கள். பெட்டியை எடையை மீறி அடைப்பாள், விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள் என்று சொல்லுங்கள். குழந்தை பிறப்பது ஆஸ்பத்திரி வேலை, அங்கே டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். இங்கே எனக்கு யார் இருக்கிறார்? நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாங்களாகவே கனவு கண்டதுபோல் சொல்லவும்.

அக்காவின் சர்க்கரையும் தங்கள் இடுப்பும் கட்டுக்குள் இருக்க வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், தங்களுக்கு என் வணக்கங்கள், பதிலை விரைவுத் தபாலில் எதிர்பார்க்கும்,

தங்கள் தங்கையை இதுவரை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதுவும் செல்லாது. கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, தபால்தலை தேடி உங்கள் தங்கையின் கைப்பையைத் திறந்தேன். அதில் விமான டிக்கெட் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. அவள் பெயரில் ஒன்று, பக்கத்து இருக்கை என் பெயரில். தேதியைப் பார்த்தேன். நான் வகுப்பில் சேருவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்திருக்கிறார்கள். கையும் களவுமாக அவளே என்னைப் பிடித்துவிட்டாள். இதை எதற்கு மறைத்தாய் என்று நான்தான் கோபமாகக் கேட்டேன். “முன்னாடியே சொல்லியிருந்தா மூணு மாசமும் என் பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, இது எதுக்கு, அது எதுக்குன்னு சீட்டுக் கட்டியிருப்பீங்க. உங்க பையன்தான் சொன்னான், அப்பாவ ஏதாவது வகுப்புல போட்டுடலாம்மான்னு. வாரத்துக்கு மூணு நாள், ரெண்டு ரெண்டு மணி நேரம் நிம்மதியா மூட்டை கட்டினேன்” என்றாள். அப்புறம் உறையைக் கையிலிருந்து வாங்கிப் பிரித்து, நின்றபடியே முழுக்கப் படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, “இத்தனை வருஷத்துல அண்ணன் வீட்டுக்குத் தவிர உங்கள விட்டுட்டு நான் எங்கயாவது போயிருக்கேனா? அங்க போனாலும் மூணாவது நாளே திரும்பி வந்துடுவேன், ஏன்னு அண்ணனக் கேட்டுப் பாருங்க” என்றாள். கேட்கிறேன் மச்சான். அவள் அங்கே வந்தபோதெல்லாம் சரியாகச் சாப்பிட்டாளா? நீங்கள் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லையே.